ஸ்விட்ச் போர்ட்டில் நிலையற்ற இணைப்பு: காரணம் காணும் முறை

முற்றிலும் செயலிழந்த சாதனத்தைப் பழுது பார்ப்பது எளிது. சிறிது நேரம் இயங்கியும் சிறிது நேரம் இயங்காமலும் இருக்கும் சாதனத்தைப் பழுது பார்ப்பதே அரிது. பணியாளர் வந்து பார்க்கும் வேளையில் அது ஒழுங்காக இயங்கும். அவர் திரும்பிச் சென்ற பின்னர் மீண்டும் நின்றுவிடும். கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பில், ஸ்விட்ச் என்னும் சாதனத்தின் ஒரு போர்ட்டில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோவது இத்தகைய பழுதுகளுள் ஒன்றாகும்.

பள்ளிகளின் கணிப்பொறிக் கூடங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், வட்ட அலுவலகங்கள் முதலிய இடங்களில் இச்சாதனம் இன்று சாதாரணமாகக் காணப்படுகின்றது. கணிப்பொறி வாயிலாக நடைபெறும் ஒரு தேர்வின்போது இணைப்பு அரை நிமிஷம் அறுந்தால், மாணவர் ஒருவர் விடையெழுத வழியின்றித் திகைத்து அமர்ந்திருக்க நேரிடும். இத்தகைய நிலையில் "போர்ட் கெட்டுவிட்டது" என்று முடிவு செய்து புதிய ஸ்விட்சை வாங்கிப் பொருத்துவதும், அதன் பின்பும் அதே பழுது தொடர்வதும் உண்டு. போர்ட் என்பது பெரும்பாலும் பழுதை அறிவிக்கும் சாட்சியே. பழுது வேறிடத்தில் இருக்கக்கூடும். அந்தச் சாட்சியை முறையாக விசாரித்து உண்மைக் காரணத்தை அடையும் வழியை இப்பாடம் விளக்குகின்றது.

1. போர்ட்டின் பணி

கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் இராபர்ட் மெட்கால்ஃப் என்பவர் வகுத்தார். தொடக்க காலத்தில் எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே தடித்த கேபிளில் பங்கு கொண்டிருந்தன. அக்கேபிள் ஓரிடத்தில் அறுந்தால் அதனைச் சார்ந்த அனைத்தும் நின்றுவிடும். முறுக்கிய செம்புக் கம்பிகளை உபயோகிக்கும் தரமுறை 1990-இல் ஏற்கப்பட்ட பின்னர், ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிக் கேபிளும், மையச் சாதனத்தில் தனிப் போர்ட்டும் என்னும் ஏற்பாடு பரவியது. இதனால் ஒரு வழியில் நேரும் பழுது பெரும்பாலும் அவ்வழியோடு நின்றுவிடுகின்றது. பழுதை ஓரிடத்தில் வைத்துத் தேட இயல்வது இந்த ஏற்பாட்டினாலேயே ஆகும்.

கேபிளினுள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இயங்கும்போது 1-2, 3-6 ஆகிய இரண்டு இணைகள் மட்டுமே உபயோகமாகின்றன. 1999-இல் தரமுறையாக்கப்பட்ட 1000 மெகாபிட் வேகத்திற்கோ நான்கு இணைகளும் இன்றியமையாதவை. இவ்வேறுபாட்டைப் பணியாளர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பெரிதும் பயன்படும்.

சாதாரண ஸ்விட்சுக்கும் நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. முன்னது பொதிகளை அனுப்புவதோடு நின்றுவிடும். பின்னது ஒவ்வொரு போர்ட்டிலும் நிகழ்வனவற்றைப் பதிவு செய்து வைக்கும்; எத்தனை பொதிகள் சிதைந்து வந்தன என்று எண்ணி வைக்கும்; எவ்வேகத்தில் இணைப்பு ஏற்பட்டது என்பதையும் கூறும். இவ்வசதிகளை உபயோகியாமல் விளக்கை மட்டும் பார்த்து முடிவு செய்தால், அதிக விலை கொடுத்து இத்தகைய ஸ்விட்சை வாங்கியதன் பயன் வீணாகும்.

2. மூவகைப் பழுதுகள்

"இணைப்பு சரியில்லை" என்னும் முறையீடு மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கக்கூடும். எந்நிலை என்று முதலில் வேறுபடுத்தாவிடில் பின்னர்ச் செய்யும் வேலை யாவும் வீண்.

முதல் வகை: இணைப்பே அறுந்து மீண்டும் ஏற்படுதல். போர்ட்டின் விளக்கு அணைந்து எரியும். ஸ்விட்சின் நிகழ்ச்சிப் பதிவில் அறுந்த நேரமும் மீண்ட நேரமும் காணப்படும். இதன் காரணம் பெரும்பாலும் கேபிள், கனெக்டர், மின்சாரம் ஆகியவற்றில் இருக்கும்.

இரண்டாம் வகை: இணைப்பு அறுவதில்லை, ஆனால் பொதிகள் சிதைகின்றன. விளக்கு ஒழுங்காக எரியும். வேலை மட்டும் மிக மெதுவாக நடைபெறும். பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே செல்லும். கேபிளின் தரக்குறைவும் இரு முனைகளின் அமைப்பு முரண்பாடும் இதற்குக் காரணமாகலாம்.

மூன்றாம் வகை: இணைப்பும் அறுவதில்லை, பிழைக் கணக்கும் ஏறுவதில்லை, ஆயினும் செய்தி போய்ச் சேருவதில்லை. வலையமைப்பில் வளையம் ஏற்படுதல், இரு கணிப்பொறிகளுக்கு ஒரே முகவரி அமைதல் முதலியன இதற்குக் காரணங்கள். இவ்வகையில் கேபிளை மாற்றுவதால் யாதொரு பயனும் இல்லை.

3. தொடுமுன் குறித்தல்

பழுது நீக்குவதில் முதல் விதி இதுவே: எதையும் தொடுவதற்கு முன்னர் இருக்கும் நிலையைக் குறித்துக் கொள்க. கனெக்டரைக் கழற்றி மீண்டும் செருகினால், அதன் தொடுமுனைகள் உராய்ந்து சிறிது துப்புரவாகும். பழுது சில நாள்களுக்கு மறைந்துவிடும். அது நீங்கியதாகப் பணியாளர் எண்ணுவார். உண்மையில் தடயம் ஒன்று அழிந்ததேயன்றிப் பழுது நீங்கவில்லை.

குறிக்க வேண்டியவை நான்கு. (அ) இணைப்பு அறுந்த நேரங்கள். (ஆ) தற்போது ஏற்பட்டுள்ள வேகம், டூப்ளெக்ஸ் நிலை. (இ) சி.ஆர்.சி. பிழை உள்ளிட்ட பிழைக் கணக்குகள். (ஈ) அவ்வழியின் மறுமுனையிலுள்ள சாதனம் எது, இடையே எவ்வெவ்விடத்தில் கேபிள் இணைக்கப்பட்டுள்ளது என்னும் விவரம்.

நேரத்தைக் குறிப்பதில் ஓர் எச்சரிக்கை. ஸ்விட்சின் கடிகாரம் சரியாக வைக்கப்படாதிருந்தால் பதிவிலுள்ள நேரத்தால் பயனில்லை. பல ஸ்விட்சுகள் சர்வதேசப் பொது நேரத்தைக் காட்டும். அது இந்திய நேரத்திற்கு 5 மணி 30 நிமிஷம் பின்தங்கியது. பதிவில் 5.30 மணி என்றிருப்பதை அதிகாலை என்று கொள்ளும் பணியாளர், அது முற்பகல் 11 மணி என்பதை அறியாமல், வகுப்பு நடைபெறும் வேளையில் நேர்ந்த பழுதை ஆளில்லாத வேளையில் நேர்ந்ததாகக் கருதிவிடுவார்.

பிழைக் கணக்கைப் படிப்பதிலும் கவனம் தேவை. 300 பிழைகள் என்னும் எண் தனித்து ஒன்றையும் உணர்த்தாது. ஓராண்டில் சேர்ந்த 300 பிழைகள் பொருட்படுத்தத் தக்கன அல்ல. ஒரு மணி நேரத்தில் சேர்ந்த 300 பிழைகள் கவலைக்குரியவை. எனவே கணக்கைக் குறித்துக் கொண்டு, பின்னர் அதனைப் பூஜ்யமாக்கி, குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் படித்தல் வேண்டும். சி.ஆர்.சி. பிழை என்பது அந்தப் போர்ட்டுக்குள் வந்த பொதி வழியில் சிதைந்துள்ளது என்பதன் அறிகுறி. ஆகவே ஒரு முனையின் கணக்கை மட்டும் பாராமல், மறுமுனையும் எண்ணி வைக்கும் சாதனமாயின் அதனையும் பார்த்தல் அவசியம். வெளியே செல்ல வேண்டிய பொதிகள் கைவிடப்பட்டதாகக் கணக்கு காட்டினால் அது வேறு விஷயம். அது நெரிசலைக் குறிக்குமேயன்றிக் கேபிளின் பழுதைக் குறிக்காது.

4. ஒரு வேளையில் ஒரு மாற்றம்

கேபிள், போர்ட், கணிப்பொறி ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றினால் பழுது நீங்கலாம். ஆனால் காரணம் எதுவென்று தெரியாது. நல்ல பொருள்களும் கழித்துக் கட்டப்படும். கெட்ட கேபிள் அலமாரிக்குச் சென்று, பிறிதொரு நாள் வேறோர் அறையில் அதே தொல்லையை உண்டாக்கும். எனவே ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, பழுது இடம் பெயர்கின்றதா என்று நோக்குதல் வேண்டும்.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பள்ளியொன்றின் கணிப்பொறிக் கூடத்தில் 24 போர்ட்கள் கொண்ட ஸ்விட்ச் இருக்கின்றது எனக் கொள்க. 11-ஆம் போர்ட்டைச் சேர்ந்த கணிப்பொறியில் இணைப்பு அடிக்கடி அறுகின்றது. இன்னும் மூன்று நாள்களில் அக்கூடத்தில் தேர்வு நடைபெற உள்ளது. பதிவைப் பார்க்கையில், வகுப்பு நடைபெற்ற 7 மணி நேரத்தில் 14 முறை இணைப்பு அறுந்துள்ளது. இரவில் ஒரு முறையும் அறவில்லை. இணைப்பு மீளும்போது வேகம் சில வேளை 1000 மெகாபிட், சில வேளை 100 மெகாபிட்.

முதலாவதாக, 11-ஆம் போர்ட்டின் கேபிளையும் நன்கு இயங்கும் 12-ஆம் போர்ட்டின் கேபிளையும் ஸ்விட்சில் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுக. இரு போர்ட்களின் அமைப்பும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பழுது 12-ஆம் போர்ட்டுக்குச் சென்றுவிட்டால், ஸ்விட்சின் போர்ட் குற்றமற்றது. புதிய ஸ்விட்ச் வாங்கும் செலவு இந்த ஒரு சோதனையாலேயே தவிர்க்கப்படுகின்றது.

இரண்டாவதாக, கணிப்பொறியையும் மேஜைப் பக்கத்துப் பேட்ச் கார்டையும் விலக்கி, சோதிக்கப்பட்ட பேட்ச் கார்டுடன் வேறொரு கணிப்பொறியைச் சுவர் சாக்கெட்டில் இணைக்கலாம். இங்கு இரண்டு பொருள்கள் ஒருங்கே மாறுகின்றன. எனினும் பழுது தொடருமாயின் இரண்டும் விடுவிக்கப்படும். தொடராவிடில் இரண்டில் எது காரணம் என்பதைத் தனித்தனியே பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, ராக்கில் உள்ள பேட்ச் கார்டை மாற்றுக. இதன் பின்பும் பழுது தொடர்ந்தால், பேட்ச் பேனல், சுவருக்குள் செல்லும் கேபிள், சுவர் சாக்கெட் ஆகிய மூன்றே எஞ்சுகின்றன.

எஞ்சியவற்றைச் சோதிக்கப் பல நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சுகளில் கேபிள் சோதனை வசதி உண்டு. ஸ்விட்ச் ஒரு மின்துடிப்பை ஒவ்வோர் இணையிலும் அனுப்பும். கம்பி அறுந்த இடத்திலோ குறுக்கிணைந்த இடத்திலோ அத்துடிப்பு எதிரொலித்துத் திரும்பும். கேபிளில் மின்குறி ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் மூன்றில் இரு பங்கு வேகத்தில் செல்வதால், ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்ப ஏறத்தாழ 10 நானோ விநாடி ஆகும். திரும்பி வரும் நேரத்தை அளந்து தூரத்தை ஸ்விட்ச் கணக்கிடுகின்றது. இச்சோதனையின்போது அந்த இணைப்பு சற்று நேரம் அறும். ஆதலால் வேலை நேரத்தில் முன்னறிவிப்பின்றிச் செய்யலாகாது.

மேற்கூறிய எடுத்துக்காட்டில் 7-8 இணை 31 மீட்டர் தூரத்தில் அறுந்திருப்பதாகச் சோதனை காட்டுகின்றது என்றும், மற்ற இணைகளின் நீளம் 32 மீட்டர் என்றும் கொள்க. பழுது சுவர் சாக்கெட்டின் அருகில் உள்ளது என்பது தெளிவு. சாக்கெட்டைத் திறந்து பார்க்கையில், பழுப்பு நிறக் கம்பி அதன் பள்ளத்தில் முழுமையாக அழுத்தப்படாமல் இருக்கின்றது. மாணவர்கள் பெஞ்சில் அமரும்போது முழங்கால் சாக்கெட்டில் படுகின்றது, கம்பி அசைகின்றது, இணைப்பு அறுகின்றது. இரவில் பழுது நேராமைக்கும், வேகம் 1000-க்கும் 100-க்கும் இடையே மாறியமைக்கும் இதுவே காரணம். 7-8 இணை துண்டிக்கப்படும்போது 1000 மெகாபிட் இயலாது. 1-2, 3-6 இணைகள் நலமாக இருப்பதால், பல சாதனங்கள் 100 மெகாபிட் வேகத்திற்கு இறங்கி இயங்குகின்றன.

5. சரியாயிற்று என்று எப்போது சொல்லலாம்?

கம்பியை அழுத்திப் பொருத்தியதும் விளக்கு எரிகின்றது. இத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. முன்னர் 7 மணி நேரத்தில் 14 முறை, அதாவது சராசரி அரை மணிக்கு ஒரு முறை, இணைப்பு அறுந்தது. பத்து நிமிஷம் பழுதின்றி ஓடியது எதனையும் நிரூபிக்காது.

ஒழுங்கின்றித் தோன்றும் பழுதைப் பொறுத்தவரை, நிகழ்தகவுக் கணக்கு ஒரு வழி காட்டுகின்றது. பழுதின் சராசரி இடைவெளியைப் போல் மும்மடங்கு காலம் நோக்கியிருந்தும் பழுது தோன்றாவிடில், அது நீங்காமலே தற்செயலாகத் தோன்றாதிருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஐந்து மட்டுமே. ஆகவே இங்கு குறைந்தது ஒன்றரை மணி நேரம் நோக்குதல் வேண்டும். அதுவும் மாணவர்கள் பெஞ்சில் அமர்ந்திருக்கும் வேளையிலேயே நோக்குதல் வேண்டும். ஆளற்ற கூடத்தில் இரவு முழுவதும் நோக்கினாலும் பயனில்லை. பழுது இரவில் முன்னரும் நேர்ந்ததில்லை அன்றோ? நாளைக்கு ஒரு முறை நேரும் பழுதாயின் மூன்று நாள்கள் காத்திருத்தல் அவசியம். தேர்வு நெருங்கும் நிலையில் இக்கணக்கே, வேலையை என்று தொடங்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கும்.

6. கேபிளிலும் கனெக்டரிலும் காணப்படும் குறைகள்

செம்புக் கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. இதில் நிலையாகப் பதிக்கப்பட்ட பகுதி 90 மீட்டர்; பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டர். கிரிம்பிங் செய்யும்போதும் சாக்கெட்டில் பொருத்தும்போதும், இணைகளின் முறுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கப்படலாகாது. கேபிளை அதன் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்கும் குறைவான ஆரத்தில் வளைத்தலும் தவறு. கதவின் கீழும் மேஜைக் காலின் கீழும் நசுங்கும் கேபிள், விரைவில் நிலையற்ற இணைப்புக்கு இடமளிக்கும்.

சிறு விளக்குகள் கொண்ட டெஸ்டர் எட்டுக் கம்பிகளும் தொடர்ச்சியாக உள்ளனவா என்பதை மட்டும் காட்டும். 3-ஆம் கம்பியும் 6-ஆம் கம்பியும் ஒரே முறுக்கைச் சேர்ந்தனவா என்பதை அது காட்டாது. நிறங்களை இணை இணையாக வரிசையில் அடுக்கிக் கிரிம்ப் செய்துவிட்டால், டெஸ்டரின் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் ஓரிணையின் குறி மற்றோரிணையில் கசிந்து பொதிகள் சிதையும். "டெஸ்டரில் சரியாக உள்ளது, ஆனால் வேலை செய்யவில்லை" என்னும் புதிருக்கு இதுவே பலமுறை விடையாகும்.

செம்பு பூசிய அலுமினியக் கம்பி கொண்ட மலிவான கேபிளும் விற்பனையில் உண்டு. அலுமினியத்தின் மின்தடை செம்பினதைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. அக்கம்பி எளிதில் முறியும், தரமுறைக்கும் உட்பட்டதன்று. கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தென்படும். சந்தேகமுள்ள இடத்தில் இச்சிறு சோதனை போதும்.

7. மின்சாரத்தால் நேரும் பழுதுகள்

கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் காமிராக்களும் வயர்லெஸ் சாதனங்களும் இன்று பல. பி.ஓ.இ. எனப்படும் இம்முறையின் 2003-ஆம் ஆண்டுத் தரமுறைப்படி, போர்ட் 15.4 வாட் வரை அளிக்கும். கேபிளில் ஏற்படும் இழப்புப் போகச் சாதனத்திற்கு 12.95 வாட் உறுதியாகக் கிடைக்கும். பகல் முழுவதும் நலமாக இயங்கிய காமிரா இருட்டியதும் அடிக்கடி நின்று இயங்கினால், அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் மின்தேவை உயர்ந்தது காரணமா என்று முதலில் நோக்குக. ஒரு போர்ட்டின் வரம்பு மட்டுமன்றி, ஸ்விட்ச் முழுவதற்கும் உரிய மொத்த மின்வரம்பும் உண்டு. இவ்வரம்பை மீறினால் சில போர்ட்களுக்கு மின்சாரம் மறுக்கப்படும்.

மின்கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்ட கேபிளில், மோட்டார் இயங்கும் வேளைகளில் பிழைக் கணக்கு ஏறலாம். பிழை ஏறும் நேரத்தையும் மோட்டார் இயங்கும் நேரத்தையும் ஒப்பிட்டுக் கண்டுகொள்ளலாம். இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் குறுக்கிடச் செய்க. இரு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுப்பதைத் தவிர்த்தல் நலம். இடியுடன் கூடிய மழைக்குப் பின்னர் போர்ட்கள் கெடுவதும், இரு கட்டடங்களின் நிலமின் அழுத்த வேறுபாட்டால் தொல்லை நேர்வதும் உண்டு. அங்கு மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிளே தக்கது. இழையின் முனையில் படியும் தூசியும் நிலையற்ற இணைப்புக்குக் காரணமாகும். அதற்குரிய துடைப்பானால் துப்புரவு செய்க. இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது ஒருபோதும் கூடாது.

8. அமைப்பு முரண்பாடுகள்

இரு முனைகளும் வேகத்தையும் டூப்ளெக்ஸ் நிலையையும் தாமே பேசி முடிவு செய்துகொள்ளும் முறை 'ஆட்டோ' எனப்படும். ஒரு முனையில் '100 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ்' என்று நிலையாக அமைத்து, மறுமுனையை ஆட்டோவில் விட்டுவிட்டால் தொல்லை நேரும். ஆட்டோ முனை, வேகத்தை மின்குறியிலிருந்து உணர்ந்துகொள்ளும். டூப்ளெக்ஸ் நிலையை உணர இயலாமல், விதிப்படி அரை டூப்ளெக்ஸை மேற்கொள்ளும். ஒரு முனை அனுப்பிக்கொண்டும் பெற்றுக்கொண்டும் இருக்க, மறுமுனை ஒரு வேளையில் ஒன்றையே செய்யும். இதனால் பொதிகள் மோதிச் சிதையும். அரை டூப்ளெக்ஸ் முனையில் 'காலங்கடந்த மோதல்' என்னும் கணக்கும், முழு டூப்ளெக்ஸ் முனையில் சி.ஆர்.சி. பிழையும் ஏறுவது இதன் தனி அடையாளம். இரு முனைகளையும் ஆட்டோவில் வைப்பதே பொதுவாக நன்று. 1000 மெகாபிட் செம்பு இணைப்புக்கு அது கட்டாயமும் ஆகும்.

கணிப்பொறி உறக்க நிலைக்குச் செல்லும்போது இணைப்பு அறுந்து குறைந்த வேகத்தில் மீள்வது உண்டு. இது பழுதன்று; பதிவைப் படிப்போர் இதனைப் பிரித்தறிதல் வேண்டும். 2010-இல் தரமுறையாக்கப்பட்ட மின்சிக்கன ஈதர்நெட் வசதியும் சில பழைய சாதனங்களோடு ஒத்துப்போகாமல் இணைப்பை அறுக்கக்கூடும். சோதனைக்காக அப்போர்ட்டில் மட்டும் அதனை நிறுத்திப் பார்க்கலாம்.

9. ஒரு விநாடி, அரை நிமிஷமாவது எங்ஙனம்?

வலையமைப்பில் இரு வழிகள் கூடி வளையம் ஏற்பட்டால், பொதிகள் ஓயாமல் சுழன்று அனைத்தையும் முடக்கும். இதனைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்தார். இம்முறையின் பழைய வடிவில், புதிதாக இணைப்பு ஏற்பட்ட போர்ட், 15 விநாடி கேட்டும் 15 விநாடி கற்றும், ஆக 30 விநாடி கழிந்த பின்னரே பொதிகளை அனுப்பத் தொடங்கும். ஆகவே கேபிள் ஒரு விநாடி அசைந்தாலும், உபயோகிப்பவருக்கு அரை நிமிஷம் தடை நேரும்.

கணிப்பொறி மட்டும் இணைக்கப்படும் போர்ட்டை 'எட்ஜ் போர்ட்' என்று அமைத்தால் இக்காத்திருப்பு இல்லை. ஆயினும் இது தடையின் நீளத்தைக் குறைக்குமேயன்றி, கேபிளின் பழுதை நீக்காது. வேறொரு ஸ்விட்ச் இணைக்கப்படும் போர்ட்டில் இவ்வமைப்பை வைத்தல் ஆபத்தானது. எல்லாப் போர்ட்களின் விளக்குகளும் ஒருங்கே மிக விரைவாகச் சிமிட்டி, வலையமைப்பு முழுவதும் நின்றுவிட்டால், யாரேனும் ஒரே பேட்ச் கார்டின் இரு முனைகளையும் இரு சுவர் சாக்கெட்களில் செருகிவிட்டனரா என்று பார்த்தல் வேண்டும்.

சில ஸ்விட்சுகள், அடிக்கடி அறும் போர்ட்டைத் தாமே மூடிவிடும். சிஸ்கோ நிறுவனத்தின் பல ஸ்விட்சுகளில் 10 விநாடிக்குள் 5 முறை இணைப்பு அறுந்தால் போர்ட் மூடப்படும். அதனை மீண்டும் தானே திறக்கும் ஏற்பாட்டையும் அமைக்கலாம். இயல்பான இடைவெளி 300 விநாடி. இவ்வேற்பாட்டை அமைத்துவிட்டு, மூடிய காரணத்தைத் தேடாது விடுதல், காய்ச்சலுக்கு மருந்து தராமல் வெப்பமானியை ஒளித்து வைப்பதற்கு ஒப்பாகும்.

10. ஆசிரியர்களுக்குச் சில செய்முறைகள்

வேலையில் இல்லாத ஒரு ஸ்விட்சைக் கொண்டு, பின்வருவனவற்றை மாணவர்களே செய்து பார்க்கலாம்.

முதற் செய்முறை: எட்டுக் கம்பிகளும் பொருத்திய ஒரு பேட்ச் கார்டும், 4-5, 7-8 இணைகளை வெட்டிவிட்ட மற்றொரு பேட்ச் கார்டும் தயாரிக்கவும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகி, இணைப்பின் வேகத்தைக் குறிக்கச் செய்யவும். இரண்டாவதில் பெரும்பாலும் 100 மெகாபிட் ஏற்படும். சில சாதனங்களில் இணைப்பே ஏற்படாது. இரண்டும் கவனிக்கத்தக்கன.

இரண்டாம் செய்முறை: ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிட்டு, பேட்ச் கார்டைக் கழற்றி உடனே செருகவும். மீண்டும் விடை வரும் வரை எத்தனை விநாடி என்று அளக்கவும். ஸ்பானிங் ட்ரீயின் பழைய வடிவில் ஒரு முறையும், எட்ஜ் போர்ட் அமைப்பில் ஒரு முறையும் செய்து ஒப்பிடவும்.

மூன்றாம் செய்முறை: ஆசிரியர் யாருக்கும் சொல்லாமல் ஒரு பேட்ச் கார்டைப் பழுதுள்ளதாக வைக்கவும். மாணவர்கள் ஒரு வேளையில் ஒரு மாற்றம் என்னும் விதிப்படி அதனைக் கண்டறியவும். ஒவ்வொரு மாற்றத்தையும், அதனால் எது விடுவிக்கப்பட்டது என்பதையும் ஏட்டில் எழுதச் செய்தல் முக்கியம். விரைவாகக் கண்டவரைவிட, காரணத்தை எழுத்தில் நிறுவியவருக்கே அதிக மதிப்பெண் தருக.

முடிவாக, ஒவ்வொரு ராக்கினருகிலும் ஒரு குறிப்பேடு இருத்தல் நன்று. போர்ட் எண், அது செல்லும் இடம், பழுது கண்ட தேதி, செய்த மாற்றம், நோக்கிய காலம் ஆகியவற்றை அதில் எழுதி வருக. ஒரு பணியாளர் மாறுதல் பெற்றுச் சென்ற பின்னர் அவ்விடத்திற்கு வருபவர், அதே சுவர் சாக்கெட்டைத் தேடி மீண்டும் மூன்று நாள்கள் செலவிட வேண்டியிராது.

பயிற்சி வினாக்கள்

1. இணைப்பு அறுதல், பொதி சிதைதல், செய்தி போய்ச் சேராமை ஆகிய மூன்றையும் எவ்வாறு வேறுபடுத்தலாம்?

2. 1000 மெகாபிட் வேகம் கிடைக்க வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் மட்டும் கிடைத்தால், எந்தக் கம்பி இணைகளைச் சந்தேகிக்க வேண்டும்? ஏன்?

3. டெஸ்டரின் எட்டு விளக்குகளும் எரிந்தும் கேபிள் பழுதுள்ளதாக இருப்பது எங்ஙனம்?

4. நான்கு மணிக்கு ஒரு முறை நேரும் பழுதைச் சரிசெய்த பின், குறைந்தது எவ்வளவு காலம் நோக்க வேண்டும்? எவ்வித நிலைமையில் நோக்க வேண்டும்?

5. கேபிள், போர்ட், கணிப்பொறி மூன்றையும் ஒருங்கே மாற்றிப் பழுதை நீக்குவதால் பின்னர் விளையக்கூடிய தீங்குகள் யாவை?